பிய்த்துத் தின்கிற ரொட்டி

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த சிஹாபுதீன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தார். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. வெயில் காலத்தில் மறந்துபோய் வெளியிலேயே வைத்துவிட்ட இட்லிமாவின் புளிப்பு வாடை. அதோடு ஆரஞ்சுத் தோலின் காட்டமும் சேர்ந்துகொண்டது. கெட்டுப்போன எதன் மேலேயோ யாரோ சென்ட் அடித்துவைத்த மாதிரி இருந்தது.

நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் என்ன அழுகுகிறது என்று பார்க்க நேரே சமையலறைக்குப் போனார்.

அன்று நல்ல நாள்தான். அவருடைய தம்பி மகள் இஷ்ரத்தைப் பார்க்க மேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தம்பி மவுத்தாகி வருஷங்கள் ஓடிவிட்டன. அவன் மனைவி பக்ருன்னிசாவும் மகளும் சிஹாபுதீனின் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணைப் படிக்கவைத்தவர் அவர். கரையேற்ற வேண்டியவரும் அவரே. போன ஜும்ஆ முடிந்ததும் ஜமாத் செயலாளர் முகமது ஆசிப்பை சாட்சி வைத்துக்கொண்டு, மேலூர் அபூதாஹிரின் மகனுக்கு இஷ்ரத்தைத் தருகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டார். சிம்மக்கல்லில் மூன்று தலைமுறையாகக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற குடும்பம். அந்தக் குடும்பத்து ஆள் ஒரு சொல் சொன்னால், எழுதி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அபூதாஹிரும் கல் லாரிகளுக்குக் கயிறு வாங்க வந்து பழக்கமானவர்தான். இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார்கள், பெண்ணைப் பார்ப்பார்கள். சிஹாபுதீன் வீட்டு வழக்கப்படி, பெண் வீட்டுப் பெரியவர் மாப்பிள்ளையின் தகப்பனார் வாயில் ஒரு கரண்டி சீனி போட வேண்டும். போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றுப் பேச்சு கிடையாது.

சமையலறை மேடையில் ஈரத்துணி போர்த்திய ஒரு பேசின் இருந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தார். வெளுப்பாக, பளபளப்பாக, தண்ணீரில் ஊறிக் கிடந்த எதனுடைய வயிறோ என்னும்படி மாவு உப்பிக் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு குமிழி எழும்பி உடைந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"ரொட்டிக்கு மாவு, பெரியத்தா. உப்பி வருது," என்றாள் இஷ்ரத்.

"அழுகி வருதுன்னு சொல்லு."

இஷ்ரத் சிரித்தாள். "ஈஸ்ட்டு போட்டா அப்படித்தான் வாடை வரும். வெந்துட்டா போயிரும்."

கீழே பலகையில் உட்கார்ந்து, கேரட் துருவியில் ஆரஞ்சுப் பழத்தின் தோலைத் துருவிக்கொண்டிருந்தாள் பக்ருன்னிசா. அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் சீனி, உருக்கிய வெண்ணெய், அரை மூடி எலுமிச்சைகள்.

"பழத்தை விட்டுட்டு எதுக்குத் தோலைத் துருவுற?"

"பழத்தைப் புழிஞ்சாச்சு மச்சான். வாசம் தோல்லதான் இருக்காம். இதைச் சீனியோட பிசிறித் தடவணுமாம்."

"யானைக்கல்லுல சாக்கடை ஓரம் கொட்டி விக்கிற பழம். போற வாற ஆளு கை அம்புட்டும் பட்ட தோலு. அதை வீட்டுக்கு வர்றவனுக்குத் திங்கக் குடுக்கப் போற."

"உப்புத் தண்ணியில ரெண்டு தடவை கழுவிட்டேன்."

"கழுவிட்டா?" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் பேசினால் வாயில் எச்சில் ஊறும்போல் இருந்தது. பசி எச்சில் இல்லை, வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில்.

வட்டிலப்பம் அவித்தால் ஆகாதா என்று கேட்டார். ஆட்டுக்கால் சூப்பும் சமோசாவும் போதாதா என்றும் கேட்டார். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கிறது என்று பக்ருன்னிசா தரையைப் பார்த்துச் சொன்னாள். இருக்கட்டும் என்று விட்டார். ஆனால் அந்த ரொட்டியைத் துண்டு போட்டு ஆளுக்கொரு தட்டில் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது இஷ்ரத் மறுத்தாள்.

"வெட்டக் கூடாது பெரியத்தா. அடுக்கடுக்கா நிக்க வச்சுச் சுடுறது. முழுசா நடுவுல வைப்போம். அவங்கவங்க கையால பிச்சுப் பிச்சு எடுத்துக்கணும்."

"ஒரே ரொட்டிய அத்தனை பேரும் பிடிச்சு இழுக்கிறதா? நாய் இழுக்கிற மாதிரி?"

"நம்ம வீட்டு விசேஷத்துல சஹன்ல சாப்பிடறதில்லையா? ஒரே தட்டுல எத்தனை கை விழுது."

சிஹாபுதீன் முதுகை நிமிர்த்தினார். சஹன் சோற்றைக் கேலி பேச அவர் யாரையும் விட்டதில்லை. "அது வேற. சஹன்ல உக்காந்தா அவனவனுக்கு முன்னால இருக்கறதைத்தான் எடுப்பான். அடுத்தவன் பக்கம் கை போகாது. எடுத்ததை வாயில வைப்பான், திரும்பத் தட்டுல வைக்க மாட்டான். இடது கை மடியில கிடக்கும். அதுல உக்காரத் தெரியாதவனை ஒரே வேளையில கண்டுபிடிச்சிரலாம். இது அப்படியா? இதுல யாருக்கு எது முன்பக்கம்?"

"எனக்குத் தெரியல பெரியத்தா," என்றாள் இஷ்ரத். பணிவாகத்தான் சொன்னாள். ஆனாலும் ரொட்டியை வெட்டுவதாகச் சொல்லவில்லை.

சமையலறையில் பிளக் பாயிண்ட் சரியில்லை என்று, ரொட்டி சுடுகிற மின்சார அடுப்பைக் கூடத்து மேசையில் வைத்திருந்தார்கள். அதற்கு எதிரேதான் சிஹாபுதீனின் நாற்காலி. வேறு இடத்தில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. ஆகவே பார்க்க விருப்பமில்லாமலே எல்லாவற்றையும் பார்த்தார். மாவைத் தேய்த்து, வெண்ணெய் பூசி, அந்தத் தோல் பிசிறிய சீனியைத் தூவி, கத்தியால் சதுரம் சதுரமாக நறுக்கி, நீளத் தகரத்தில் நெருக்கி நெருக்கி நிறுத்தி, மறுபடியும் துணி போட்டு மூடி வைத்தாள் இஷ்ரத். துணியை எடுத்தபோது துண்டுகள் வீங்கி, மேலூர் டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்கள்போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அடுப்பின் கண்ணாடிக்குப் பின்னால் அவை இன்னும் வீங்கின. இடுக்குகளில் சீனி கொதித்துப் பழுப்பாகப் பொங்கி, தகரத்தின் விளிம்பில் வழிந்து கருகியது. புண் ஆறும்போது நீர் வடிந்து பொருக்காகிறதே, அதைத்தான் நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வாடை மாறியது. புளிப்பு போய், வெண்ணெயும் ஆரஞ்சும் சேர்ந்து வெந்த மணம் கூடத்தை நிறைத்தது. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபேனைக் கூட்டி வைத்தார்.

கடைசியில் இஷ்ரத் பொடித்த சீனியை ஆரஞ்சுச் சாற்றில் குழைத்து ரொட்டியின் தலையில் ஊற்றினாள். அது வெள்ளையாக, கெட்டியாக, சளி பிடித்த பிள்ளையின் மூக்கிலிருந்து இறங்குவதுபோல மெதுவாக இறங்கியது. சிஹாபுதீன் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

அஸர் முடிந்து மேலூர்க்காரர்கள் வந்தார்கள். அபூதாஹிர், அவர் மகன் தவ்பீக், மகள் ஆயிஷா சித்திகா. தாய் இல்லாத வீடு. அதனால் கல்யாணமாகி, பிறந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த மகள்தான் பெண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள். வரும்போதே கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஸலாம் சொல்லி உட்கார்ந்தார்கள். தவ்பீக் பார்க்க வாட்டசாட்டமாக இருந்தான். சட்டையிலிருந்து அத்தர் மணத்தது. நல்லது என்று சிஹாபுதீன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வெயிலைப் பற்றியும் மேலூர் ரோட்டைப் பற்றியும் பேசினார்கள். இஷ்ரத் முக்காடு போட்டுக்கொண்டு ரொட்டியைத் தட்டோடு எடுத்து வந்து நடுமேசையில் வைத்து, ஸலாம் சொல்லி, தாயின் பக்கத்தில் போய் நின்றாள். சீனிக் கிண்ணமும் கரண்டியும் ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தன.

"அடடே, செஞ்சுட்டியா," என்றாள் ஆயிஷா சித்திகா. போனை ரொட்டிக்கு நேரே பிடித்தாள். "அத்தா, இந்த வீடியோவ நான்தான் இவளுக்கு அனுப்புனேன். இதைச் செஞ்சு வை, அப்பத்தான் வருவோம்னு சொன்னேன். சும்மா ஒரு டெஸ்ட்டு."

அபூதாஹிர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கல்லைக்கூடத் தட்டிப் பாத்துத்தானே அண்ணே லாரியில ஏத்துறோம்."

சிஹாபுதீனுக்கு இது புதிது. பக்ருன்னிசாவைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தாயும் மகளும் பார்த்துக்கொண்ட பார்வை இப்போதுதான் அவருக்கு விளங்கியது. விருந்தாளி கேட்டதைச் செய்து வைப்பது தவறில்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். சொல் கொடுத்தாயிற்று.

"பிஸ்மி சொல்லி எடுங்க மாப்ள," என்றாள் பக்ருன்னிசா.

தவ்பீக் இடது கையில் போனை வைத்திருந்தான். அதை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையால் ரொட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். ஒரு துண்டு நூலாக நீண்டு பிய்ந்து வந்தது. ஒரு கடி கடித்தான். மென்றான். முகம் கோணியது.

"என்ன இது, கசக்குது?"

"ஆரஞ்சுத் தோல்," என்றாள் இஷ்ரத் மெல்ல. "கொஞ்சம் கசப்பு இருக்கும்."

"நீ அனுப்புன வீடியோவுல கசக்கும்னு சொல்லலையே லாத்தா," என்று அக்காளிடம் சொல்லிவிட்டு, வாயில் தட்டுப்பட்ட தோல் துணுக்கை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்து விரலால் எடுத்துத் தட்டின் விளிம்பில் தேய்த்தான். கடித்த துண்டைத் திரும்ப ரொட்டியின் மேலேயே வைத்தான். பல் பட்ட இடம் மேலே தெரிந்தது. ஈரமாக இருந்தது.

சிஹாபுதீன் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

தவ்பீக் நிறுத்தவில்லை. அதே விரலை ரொட்டியின் நடுவில் விட்டு இரண்டு துண்டுகளைப் பிளந்து உள்ளே பார்த்தான். அழுத்தினான். அடுத்ததைப் பிளந்தான். "நடுவுல வேகல. பாரு, மாவா இருக்கு." விரலில் ஒட்டியதை உருட்டி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, மறுபடியும் தட்டில் தேய்த்தான். ஆயிஷா சித்திகா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "எடு, எடு. நல்லாத் தெரியட்டும்."

"இளசாத்தான் இருக்கும்," என்றாள் இஷ்ரத். அவள் குரல் பாதியில் நின்றது.

"பழக்கிருவான்மா, கவலைப்படாத," என்றார் அபூதாஹிர். அவரும் நடுவிலிருந்தே ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, வாயில் வைத்துக்கொண்டே பேசினார். "எங்க வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் படிஞ்சு வந்துரும். என்ன அண்ணே, நீங்க ஒண்ணும் எடுக்கலையே?"

"எனக்கு வேண்டாம்."

ஒரு விருந்தாளிக்கு உணவில் குறை சொல்ல உரிமை இல்லை. பிடித்தால் தின்ன வேண்டும், பிடிக்காவிட்டால் பேசாமல் விட வேண்டும். இதைச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்த வீடு அது. மத்தியானத்திலிருந்து தாமும் அந்த ரொட்டியைக் குறைதான் சொன்னோம் என்பது சிஹாபுதீனுக்கு நினைவு வந்தது. ஆனால் அது சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளையிடம். ஒரு சஹனில் இந்தப் பையன் இப்படிக் கை விட்டிருந்தால், கூட இருந்தவர்கள் எழுந்து கை கழுவியிருப்பார்கள்.

கடித்த துண்டு ரொட்டியின் தலையில் அப்படியே இருந்தது. எல்லாருடைய கண்ணும் அதன்மேல் போய்ப் போய்த் திரும்பியது.

"இதை யாரு திங்கிறது இப்ப?" என்றான் தவ்பீக், சிரித்துக்கொண்டே.

பக்ருன்னிசா முன்னால் வந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஹஜ்ரத்துகள் வீட்டுக்கு வந்தால் அவர்கள் வைத்த மிச்சத்தைப் பரக்கத்து, அருள் என்று எடுத்துத் தின்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் உண்டு. பழுத்த பெரியவர்களுக்குச் செய்கிற அந்த மரியாதையை அவள், நேற்று மீசை முளைத்த பையனுக்குச் செய்தாள்.

"வீணாப் போகுமா மாப்ள? நீங்க வாய் வச்சது எங்களுக்குப் பரக்கத்துதானே," என்று சொல்லி அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

யாரும் தடுக்கவில்லை. வேண்டாம் மாமி என்று அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைக் கோணிக்கொண்டு அக்காளைப் பார்த்தான். அக்காள் போனை அவள் வாய்க்கு நேரே திருப்பினாள். பக்ருன்னிசா மென்றாள். அவள் கன்னம் அசைவதை சிஹாபுதீன் பார்த்தார். விழுங்க முடியாமல் ஒரு கணம் நிறுத்தி, பிறகு விழுங்கினாள். தம்பியின் மனைவி, இருபது வருஷமாக அவர் முன்னால் முக்காடு விலகாதவள், எவனுடைய எச்சிலையோ நாலு பேர் பார்க்க விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

 மாவின் வாடை, வழிந்த சீனி, மத்தியானத்திலிருந்து குமட்டியது எல்லாம் சிஹாபுதீனுக்கு இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"அதை அழிச்சிரும்மா," என்றார் ஆயிஷா சித்திகாவிடம்.

"எதை மாமா?"

"போன்ல எடுத்ததை. என் கண்ணு முன்னால அழி."

அவர் குரலைக் கேட்டு அவள் தகப்பனைப் பார்த்தாள். அபூதாஹிர் கையசைத்தார். அவள் முனகிக்கொண்டே எதையோ தொட்டு, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"விளையாட்டுப் பிள்ளைங்க அண்ணே," என்றார் அபூதாஹிர். வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "மஃரிபுக்கு முன்னால கிளம்பணும். சீனியைப் போடுங்க."

சீனிக் கிண்ணத்தைப் பக்ருன்னிசா எடுத்து நீட்டினாள். சிஹாபுதீன் வாங்கிக்கொள்ளவில்லை.

"சீனி இல்லை," என்றார்.

"கையில இருக்கே மச்சான்," என்றாள் அவள்.

"அபூதாஹிர், நான் குடுத்த சொல்லை நானே திருப்பி எடுத்துக்கறேன்."

 அபூதாஹிருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் எழுந்தார். "ஜமாத்துல வச்சுச் சொன்ன சொல்லு. ஒரு ரொட்டியக் குறை சொன்னதுக்கா?"

"ரொட்டிக்காக இல்லை."

"பின்ன எதுக்கு? சொல்லுங்க. எம்மகன் என்ன குடிச்சிட்டா வந்தான்?"

சிஹாபுதீன் வாயைத் திறந்தார். காரணத்தைச் சொன்னால் பக்ருன்னிசா செய்ததைச் சொல்ல வேண்டும். ஒருமுறை வாயிலிருந்து வந்துவிட்டால், அது மேலூர் வரைக்கும் போய்த் திரும்பி வரும். தம்பி பெண்டாட்டி இன்னாருடைய எச்சிலைத் தின்றாள் என்று. வாயை மூடிக்கொண்டார்.

"காரணம் இல்லை."

"காரணம் இல்லாம வாக்கு மாறுற ஆளா நீங்க? சிம்மக்கல்லுல உங்க பேரைச் சொன்னாலே கடனுக்குச் சரக்கு ஏத்துறான் அண்ணே."

"இனிமே ஏத்த மாட்டான். போய்ட்டு வாங்க."

அவர்கள் போனார்கள். தவ்பீக் வாசலில் நின்று, நல்லதாப் போச்சு என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

பக்ருன்னிசா கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம்மக வாழ்க்கையக் கெடுத்துட்டீங்களே மச்சான். நான் அவளுக்காகத்தானே... இந்த இடம் தட்டிப் போயிரக் கூடாதுன்னுதானே..."

"நீ ஒண்ணும் செய்யலை."

"நான் அதைத் தின்னது..."

"நீ எதையும் திங்கலை. நான் எதையும் பாக்கலை. இந்த வீட்டுல யாரும் பாக்கலை." அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். "இனி அந்தப் பேச்சை உன் மகள்கிட்டகூடப் பேசாத."

இஷ்ரத் தட்டைத் தூக்கினாள்.  "வீடியோ அனுப்புனப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும் பெரியத்தா. அம்மாதான் வேண்டாம்னாங்க."

"சரி."

"உங்களுக்கு மத்தியானமே குமட்டுச்சு. எனக்கு இப்பத்தான்."

 தட்டில் அவர்கள் கை படாத ஒரு மூலை இன்னும் முழுசாக இருந்தது. அதைக்கூட இந்த வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று சொன்னார். தட்டோடு கொண்டுபோய்ப் போட்டுவிடச் சொன்னார். பிறகு தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு இறங்கினார். மேலூர்க்காரர்கள் போன் பண்ணுவதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

முகமது ஆசிப் பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தான். இவரைக் கண்டதும் எழுந்தான். "வாங்கண்ணே. சீனி போட்டாச்சா?"

"போடலை. நான் வாக்குத் தவறிட்டேன்."

ஆசிப் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என்னண்ணே சொல்றீங்க? பையன்கிட்ட ஏதும் பழக்கவழக்கமா?"

"அவனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை."

"பொண்ணு வேண்டாங்குதா?"

"பொண்ணு ஒரு வார்த்தை பேசலை. அவ அம்மாவும் பேசலை. அம்புட்டும் நான்தான்."

"அப்ப ஊர்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

"சிஹாபுதீன் சொன்ன சொல்லைக் காப்பாத்தலைன்னு சொல்லு. வேற யார் பேரும் வரக் கூடாது."

"அண்ணே, காரணம் சொன்னா நான் எடுத்துப் பேசுவேன். நீங்க இப்படிப் போனா, நாளைக்கு உங்களை மதிச்சு யாரு பேசுவா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

ஆசிப் மேலும் ஏதோ கேட்டான். மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். சிஹாபுதீன் நிமிர்ந்த முதுகோடு பள்ளிவாசலுக்குள் போய், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற இடத்தில் குழாயைத் திறந்து உட்கார்ந்தார். கையைக் கழுவினார். வாய் கொப்பளித்தார். மத்தியானத்திலிருந்து அவர் வாயில் எதுவுமே போடவில்லை. மூன்று முறை கொப்பளித்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒளு முடித்து எழுந்து, உள்ளே தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னார். சிஹாபுதீன் தலையை ஆட்டினார். இன்னொரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். மறுபடியும் அள்ளினார்.